ஆளத் தெரியாதவர்களா நாம்?

“இடதுசாரிகள் வெல்ல மாட்டார்கள், வென்றாலும் ஆள மாட்டார்கள்” என்கிறார்கள். கெடாவுக்கு அண்டையிலுள்ள பினாங்கைப் பாருங்கள்! 1957இல் ஜார்ஜ்டவுன் நகரசபை தொழிற்கட்சியின் கைக்கு வந்தது, தமிழரான டி. எஸ். இராமநாதன் மேயரானார். அதே ஆண்டு கேரளத்தில் நம்பூதிரிபாட் முதலமைச்சரானார். சில நாட்களிலேயே குடியானவரை நிலத்தைவிட்டு வெளியேற்றத் தடை விதித்தார்.

அந்த ஆட்சியை 1959இல் கலைத்தது மத்திய அரசு, மக்களல்ல. 1967இல் அவரே மீண்டும் முதல்வர். இங்கோ 1965இல் நிறுத்தப்பட்ட நகரசபைத் தேர்தல் இன்னும் திரும்பவில்லை.

நம் குறையையும் மறைக்கலாகாது. 1959 நாடாளுமன்றத் தேர்தலில் சோசலிச முன்னணிக்கு 104இல் 8 இடங்களே! நகரம் மட்டும் போதாது. மலாய்க் கம்பமும் தோட்டமும் சேர வேண்டும். அன்று பால்வெட்டுத் தொழிலாளர் பலருக்குக் குடியுரிமையே இல்லை. இன்று நம் பிள்ளைகளிடம் வாக்கு இருக்கிறது. வீணாக்கலாமா?