கவிப் பாட்டும் கிற்றாரும்



கிற்றார் என்றதும் நம்மிற் பலருக்குப் பைலாப் பாட்டே நினைவுக்கு வரும். போர்த்துக்கேயர் வழிவந்த இசையோடு இந்நாட்டிற் கலந்துவிட்ட வாத்தியம் அது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் புகழ்பெறச் செய்த தமிழ்ப் பொப் பாடல்களிலும் அதன் துள்ளலையே கேட்டோம். மட்டக்களப்பு வயல்வெளியில் எழுந்த கவிப் பாட்டை, பம்பலப்பிட்டிச் சரசுவதி மண்டபம் போன்றதோர் அரங்கிலே, ஒரு குரலும் ஒரு கிற்றாரும் மாத்திரம் கொண்டு பாட முடியுமா? பாடலாமா? இவற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

கவி நான்கடிப் பாட்டு. இரவிலே பரண்மீது காவலிருப்பவன் பாடுவான். காதலனும் காதலியும் வினாவும் விடையுமாகப் பாடுவனவாக அமைந்தவை பல. தமிழரும் முசுலிம்களும் ஒருங்கே போற்றும் செல்வம் அது. தாளத்துக்கு அது கட்டுப்படாது. அடியின் இறுதியிற் குரல் நீண்டு மெல்லத் தேயும்.

இத்தகைய பாட்டுக்களுக்கு இடமளித்த தொழில்முறை மாறிவிட்டது. மாடு வளைத்துச் சூடு மிதித்த களத்திலே பொலிப் பாட்டு ஒலித்தது. இயந்திரங்கள் வந்தபின் அதனைப் பாடும் சந்தர்ப்பமே அருகிவிட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் போன்றோரின் முயற்சியால் நாட்டுப் பாடல்கள் அச்சேறின, சொற்கள் பிழைத்தன. மெட்டோ பாடுவோர் நாவிலன்றி வாழாது. அதே வித்தியானந்தன், விடியவிடிய ஆடிய கூத்தைச் சுருக்கி, 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எனப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றினார். கூத்துக்குக் கிட்டிய அவ்வாய்ப்புக் கவிக்கு அந்த அளவிற் கிட்டவில்லை என்பதே என் எண்ணம்.

முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. 1899ஆம் ஆண்டு பிறந்த தேவார் சூரியசேன, இலண்டன் மாநகரில் மேனாட்டு இசை பயின்று மீண்டவர்; சிங்கள நாட்டார் பாடல்களைக் கற்றோர் அரங்குக்குக் கொண்டுவந்தார். ஆங்கில இசையாளர் பெஞ்சமின் பிரிட்டன் கிராமியப் பாடல்களைத் தொகுதி தொகுதியாக அமைத்தவர். 1961இல் வெளிவந்த ஆறாம் தொகுதியிலே பியானோவை விடுத்து, பீற்றர் பியர்சின் குரலுக்கும் யூலியன் பிரீமின் கிற்றாருக்குமாக எழுதினார். இசுப்பானியப் பாட்டுக்குக் கிற்றார் பிறந்த வீட்டுத் தோழி. ஆங்கிலக் கிராமத்தாரோ பெரும்பாலும் வாத்தியமின்றியே பாடியவர்கள். நம் கவிகாரரைப் போல. ஆகவே பிரிட்டன் செய்ததே நமக்கு நெருங்கிய பாடம். அவருடைய கிற்றார் இடைவெளியெல்லாவற்றையும் நிரப்ப முந்துவதில்லை.

இனி முறைக்கு வருவோம். கிற்றாரின் கழுத்திலுள்ள உலோகக் கட்டைகள் சுரங்களை வரையறுத்துவிடுகின்றன. கவியோ ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வது. குரலை வாத்தியத்தில் அப்படியே பின்தொடர முயன்றால் இரண்டும் முரண்படும். பல சுரங்களை ஒருங்கே மீட்டும் மேனாட்டு முறையை அடிதோறும் புகுத்தினால், கவி ஒரு திரைப்பாட்டின் தங்கையாகிவிடும். (அத்தகைய தங்கைகள் நமக்கு ஏற்கெனவே அதிகம்.) ஆறாம் தந்தியை ஒரு முழுச்சுரம் தாழ்த்துக. அப்போது ஆறாம், ஐந்தாம், நான்காம் தந்திகள் முறையே சட்சம், பஞ்சமம், மேற்சட்சம் ஆகும். தம்புராவின் சுருதி கையிலே கிடைத்துவிடும். பாடுவோரின் சுருதி உயர்ந்ததாயின், கழுத்திலே ஒரு பிடியைப் பூட்டி அதற்கேற்ப உயர்த்திக் கொள்ளலாம். குரல் நீளும்போது கை ஓய்ந்திருக்கட்டும். வினாக் கவிக்கும் விடைக் கவிக்கும் இடையிலே மாத்திரம் இரண்டொரு சுரம் பேசினாற் போதும். தாலாட்டுக்கும் வசந்தன் பாட்டுக்கும் இவ்வளவு கட்டுப்பாடு வேண்டியதில்லை. அவை தாமே தாளத்தோடு நடப்பவை.

கொழும்பு அரங்கிலே இன்னோர் இடர் உண்டு. கச்சேரி கேட்டுப் பழகிய நம் இரசிகர்கள் தொடையிலே தாளம் தேடுவார்கள். கவியில் அது அகப்படாது. பாடகர் அதற்கு அஞ்சித் தாளம் கட்டிவிடக் கூடாது. பெண்ணின் முறைப்பாட்டை இனிமைக்காக மென்மையாக்கவும் கூடாது. அந்த முறைப்பாடு அவளுடையது. முதற் கவியை வாத்தியமே இன்றிப் பாடட்டும். கிற்றார் இரண்டாவதிலிருந்து சேரலாம்.