பெயர் மறைத்த கிண்ணம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிரெஞ்சு நாட்டுத் திராட்சைத் தேறலின் தரம் அறிவது பற்றி, மது அருந்தாதவனும் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுமாகிய ஓர் இரயில்வே எழுத்தன் பேச முற்படுவது உங்களுக்கு நகைப்பை விளைவிக்கலாம். குடியைப் போற்ற நான் இங்கு வரவில்லை. ஒரு பொருளின் தரத்தை முடிவு செய்வது அதன் பெயரா, நம் புலனா என்னும் வினாவை உங்கள்முன் வைக்கவே வந்துள்ளேன்.

தேறல் தமிழர்க்குப் புதியதன்று. யவனர் நல்ல கலங்களிற் கொணர்ந்த தேறலைப் பருகி இனிது வாழ்கவென நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தியதைப் புறநானூறு கூறும். 1945ஆம் ஆண்டில் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. கடல் கடந்து வந்த பொருளுக்குத் தனி மதிப்பு அளிக்கும் வழக்கம் அன்றே இருந்தது போலும்!

பிரெஞ்சு நாட்டின் போர்தோ நகரைச் சூழ்ந்த தோட்டங்கள் சிவப்புத் தேறலுக்குப் பெயர்பெற்றவை. 1855இல் பாரிசில் நடந்த பொருட்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியன் விருப்பப்படி, அந்நகர்த் தரகர்கள் அத்தோட்டங்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தனர். அவர்கள் கொண்ட அளவுகோல் யாது? சந்தையில் விற்ற விலையே! லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கும் முதல் வகுப்பில் அமர்ந்தன. அதன்பின் அவ்வகுப்பில் நேர்ந்த மாற்றம் ஒன்றே ஒன்று. 1973இல் முத்தோன் ரோத்சீல்ட் அங்கு உயர்த்தப்பட்டது. நம் நாட்டு இரயில் வண்டிகளில் மூன்றாம் வகுப்பு 1974இலேயே மறைந்தது. போர்தோவின் ஐந்தாம் வகுப்போ இன்றும் இருக்கிறது!

இப்பெயர்களுக்கு ஒரு சோதனை 1976 மே 24 அன்று பாரிசில் வந்தது. ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கில வணிகர் போர்தோத் தேறல் நான்கினையும் கலிபோர்னியத் தேறல் ஆறினையும் பெயர் மறைத்து, ஒன்பது பிரெஞ்சு வல்லுநர்முன் வைத்தார். முதலிடம் பெற்றது முத்தோனும் அன்று, ஓ-பிரியோனும் அன்று. கலிபோர்னியாவின் 'ஸ்டாக்ஸ் லீப்' தோட்டத்தின் 1973ஆம் ஆண்டுத் தேறல்! முடிவறிந்த நடுவர் ஒருவர் தம் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டாராம். எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றவை பிரெஞ்சுத் தேறல்களே. ஆதலின் பழம்புகழ் வெறும் பொய்யென்று முடிவு கட்டுதலும் நேர்மையாகாது.

நம் புணேயிலும் இத்தகைய சோதனையொன்று நடந்தது. நாராயண்காவ் முதல் நாசிக் வரை திராட்சைத் தோட்டங்கள் பரந்துள்ள நாடு இது. இங்கே கொடியை ஆண்டிற்கு இருமுறை கவாத்துச் செய்து, மாரிக்காலத்தைத் தவிர்த்து, தை மாசி மாதங்களில் பழம் பறிப்பர். போர்தோவிலோ புரட்டாசியை ஒட்டியே அறுவடை. இவ்விரு மண்ணின் தேறல்களையும் ஒப்பிட விரும்பினர், அரசின் அனுமதிச் சீட்டுப் பெற்ற நண்பர் ஐவர். அருந்தாதவன் என்பதால் கணக்கெழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

பார்சல் அலுவலகத்தில் பழகிய கை அல்லவா? புட்டிகளைச் செய்தித்தாளிற் சுற்றி, அடுத்த அறையில் வைத்து, எண்ணிட்ட மூன்று கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டாம் கிண்ணத்தில் நாசிக் தேறல். ஒன்றிலும் மூன்றிலும் ஒரே பிரெஞ்சுத் தேறல். இதை நான் எவர்க்கும் கூறவில்லை.

நண்பரொருவர் ஒன்றாம் கிண்ணத்திற்கு இருபதுக்கு 16ம், மூன்றாம் கிண்ணத்திற்கு 11ம் அளித்தார். இருவர் நாசிக் தேறலையே தலையாயதென்றனர். குன்னூரில் தேயிலைச் சுவைபார்ப்பவராகப் பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் மட்டும், "ஒன்றும் மூன்றும் ஒரே புட்டி. இரண்டாவது இளையது, இன்னும் கரகரப்பு அடங்கவில்லை" என்றார். நாள்தோறும் நூற்றுக்கணக்கான கோப்பைகளைப் பெயரறியாது உறிஞ்சி உமிழ்ந்து பழகிய நா அது! புட்டிகளின் உறையைப் பிரித்ததும், 11 அளித்த நண்பர் அதனைத் திருத்துமாறு வேண்டினார். நிறுத்து எழுதிய எடையைத் திருத்தும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் இல்லை என்று கூறிவிட்டேன்.

அன்பர்களே! தரம் என்பது உண்டு. பழகிய புலன் அதனை அறியவும் வல்லது. ஆனால் பெயர் முன்னே வந்து நின்றால், புலன் வாய் திறப்பதில்லை.

இதனை நம் சங்கத்திற்கும் பொருத்திப் பார்க்க வேண்டுகிறேன். ஆண்டுதோறும் நம் சிறுவர்க்குக் கட்டுரைப் போட்டி நடத்துகிறோம். தாளின் தலைப்பில் பிள்ளையின் பெயரும் தந்தையின் பெயரும் உள்ளன. நடுவர்கள் நம்மவர், தந்தையர் அனைவரையும் அறிந்தவர். முப்பது ஆண்டு உறுப்பினரின் பேரனும், சென்ற மாதம் விழுப்புரத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவரின் மகளும் ஒரே வரிசையில் அமர்ந்து எழுதுகின்றனர். இதுவரை அளித்த தீர்ப்புகள் தவறென்று நான் கூறேன். அவை சரியென்று அந்தச் சிறுமிக்குக் காட்ட நம்மிடம் வழியில்லை என்றே கூறுகிறேன். ஊர் விட்டு வந்த குழந்தைக்குத் தமிழில் கிடைக்கும் முதல் மேடை இது. அங்கே அவள் எழுத்து மட்டுமே எடை போடப்பட வேண்டாவா?

செலவொன்றுமில்லை. பெயரைத் தனிச் சீட்டில் எழுதி உறையிலிட்டு, தாளில் எண் மட்டும் குறித்தால் போதும். அடுத்த ஆண்டு அந்த எண்ணிடும் பணியை எனக்கு அளிக்குமாறு செயற்குழுவினரை வேண்டி, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.