டிஸ்மல் என்னும் ஆங்கிலச் சொல்

பிறமொழி கற்போர், ஒரு சொல்லின் பொருளை அகராதியிற் கண்டுகொண்டவுடனே அச்சொல் தமக்கு உரியதாகிவிட்டது என்று எண்ணுவது இயல்பு. ஆனால், பொருளை அறிவது பாதி வேலையே. அச்சொல் எதனோடு சேர்ந்து நிற்கும், எதனோடு சேராது என்பதை அறிவது மறுபாதி. ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் 'டிஸ்மல்' என்னும் பெயரடை இதற்குத் தக்கதொரு சான்றாகும். அதன் நடுவேயுள்ள மெய்யொலி, 'இஸ்' என்னும் ஆங்கில வினைச்சொல்லின் ஈற்றொலியைப் போன்று அதிர்வுடன் ஒலிக்கப்பட வேண்டும் என்பதை முதற்கண் மனத்திற் கொள்வது நன்று.

இச்சொல்லுக்கு அகராதிகள் இருண்ட, மகிழ்ச்சியற்ற, சோர்வூட்டுகின்ற என்றெல்லாம் பொருள் தருகின்றன. இவற்றுள் 'மகிழ்ச்சியற்ற' என்பதைப் பற்றிக்கொண்ட மாணவன், தன் துயரத்தைச் சொல்லக் கருதி, 'ஐ ஆம் டிஸ்மல் டுடே' என்று எழுதிவிடுகிறான். அவ்வாக்கியத்தில் எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, இலக்கண வழு ஒன்றுமில்லை. ஆயினும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் செவிக்கு அது ஒவ்வாது. அவர்கள் 'ஐ ஆம் சாட் டுடே' என்றோ, 'ஐ ஃபீல் குளூமி' என்றோ தான் பெரும்பாலும் சொல்வர். காரணம் யாது? அதனை அறிவதற்கு அச்சொல்லின் பிறப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

மத்திய கால ஐரோப்பாவின் நாட்காட்டிகளில், மாதத்திற்கு இரண்டாக ஆண்டிற்கு 24 நாட்கள் தீய நாட்கள் எனக் குறிக்கப்பட்டிருந்தன. எகிப்திய நாட்கள் என்பது அவற்றிற்கு மற்றொரு பெயர். அந்நாட்களிற் பிரயாணம் தொடங்கலாகாது. நோய்க்கு இரத்தம் வடித்தலாகாது. இலத்தீன் மொழியில் அவை 'தியெஸ் மாலி', அதாவது 'தீய நாட்கள்', எனப்பட்டன. அத்தொடர் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தினுட் புகுந்து 'டிஸ்மல்' ஆயிற்று. தமிழ்ப் பஞ்சாங்கங்களில் மாதந்தோறும் குறிக்கப்படும் கரிநாளை அறிந்தவர்களுக்கு இக்கருத்து புதிதன்று. சுபகாரியங்களுக்கு ஆகாதென விலக்கப்படும் அக்கரிநாளே போன்றது ஆங்கிலேயர் முன்னாளில் அஞ்சிய டிஸ்மல்.

தொடக்கத்தில் இச்சொல் பெயர்ச்சொல்லாகவே நின்றது. 14 ஆம் நூற்றாண்டிற் பாடிய சோசர் என்னும் புலவர் காலத்திலேயே அதன் மூலப்பொருள் மங்கலாயிற்று. அவர் அதனை எகிப்து நாட்டை வாட்டிய பத்து வாதைகளோடு தொடர்புபடுத்தினார். சொல்லினுள்ளே 'நாள்' என்னும் பொருள் மறைந்து கிடப்பதை அறியாத பிற்கால மக்கள், அதனோடு நாளைக் குறிக்கும் மற்றொரு சொல்லையுஞ் சேர்த்து 'டிஸ்மல் டேய்ஸ்' என்று வழங்கினர். பேச்சு வழக்கிற் சிலர் 'நடுச்சென்டர்' என்று கூறுவதைப் போன்றதே இதுவும். அவ்வாறு வழங்கிய வழியிலேதான் டிஸ்மல் பெயரடையாக மாறியது.

பிறப்பிலேயே அச்சொல், புறத்தேயுள்ள ஒன்றைத் தீயது என ஒதுக்குகின்ற சொல்லாய் இருந்தது என்பது இதனாற் பெறப்படும். இன்றும் அதன் ஆட்சி பெரும்பாலும் அவ்வாறே. ஓயாத மழையும் மூடுபனியுமான நாளை 'எ டிஸ்மல் டே' எனலாம். வெளிச்சமும் காற்றும் புகாத அறையை 'எ டிஸ்மல் ரூம்' எனலாம். முயற்சி ஒன்று முற்றாகத் தோல்வியுற்றால் 'எ டிஸ்மல் ஃபெயிலியர்' என்பது வழக்கு. 'தெ ஃபெயில்ட் டிஸ்மலி' என்று வினையடையாகவும் அது வரும். ஒன்றினும் மற்றொன்று மோசமானது எனக் கூறவேண்டின், 'மோர் டிஸ்மல்' என்று முன்னே ஒரு சொல்லைச் சேர்ப்பதே முறை.

குளூமி என்னும் சொல்லோ இரு பக்கமும் செல்லும். இருண்ட அறையும் குளூமி; முகம் வாடி உட்கார்ந்திருப்பவனும் குளூமி. துயருறும் உள்ளத்தைக் கூறுவதற்குச் சாட் என்பதே எளிய சொல். டிஸ்மல் என்பதோ காண்பவன் தான் கண்ட பொருளின்மீது கூறுகின்ற தீர்ப்பு. இவ்வேறுபாட்டை மறந்தால் வாக்கியம் பிழைபடுவதோடு மனமும் புண்படும். மரண வீட்டிற்குச் சென்று வந்த ஒருவர், அங்குள்ளோர் துயரத்தைக் கூறும் எண்ணத்துடன், 'தி ஃபியூனரல் வாஸ் டிஸ்மல்' என்று அவ்வீட்டாருக்கே அனுதாபக் கடிதம் எழுதினால் என்னாகும்? இறுதிக் கிரியைகள் சீரின்றி நடந்தன என்று பழித்ததாகவே படிப்போர் கொள்ளக்கூடும். அவ்வாறே, மாணவனின் பெறுபேற்றை டிஸ்மல் என ஆசிரியர் எழுதலாம். மாணவனையே அவ்வாறு எழுதுதல் தகாது.

தீர்ப்புக் கூறும் சொல்லாகையால், கூறுபவர் எப்பக்கத்தில் நிற்கிறார் என்பதும் அதிற் புலப்படும். பொருளியலை 'டிஸ்மல் சயன்ஸ்' என்று பழிப்பதைப் பலர் கேட்டிருப்பர். மக்கட்பெருக்கம் பற்றி மால்தஸ் கூறிய அச்சந்தரும் கொள்கையினால் அப்பெயர் எழுந்தது என்பது பரவலான எண்ணம். ஆயினும் அத்தொடர், தாமஸ் கார்லைல் 1849 ஆம் ஆண்டு டிசம்பரில் பிரேசர்ஸ் மகசீன் என்னும் இதழில் எழுதிய கட்டுரையிலே வருவது. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகள் 1838 இல் முழு விடுதலை பெற்றிருந்தனர். அவர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க வேண்டும் என்பது கார்லைல் கொண்ட கருத்து. தொழிலாளரைக் கட்டாயப்படுத்தாது, தேவைக்கும் நிரம்பலுக்கும் விட்டுவிட வேண்டும் என்று பொருளியலார் கூறியமையாலேயே அவர் அவ்வியலை டிஸ்மல் என்றார். அடுத்த மாதமே ஜோன் ஸ்டூவார்ட் மில் அதே இதழில் அவரை மறுத்தெழுதினார்.

அமெரிக்காவின் வேர்ஜீனியா, வட கரோலினா மாநிலங்களின் எல்லையில் 'கிரேட் டிஸ்மல் ஸ்வாம்ப்' என்னும் பெருஞ் சதுப்புநிலம் உண்டு. நிலந்தேடி வந்தோர்க்கு அது சேறும் இருளும் நிறைந்த, பயனற்ற இடம். ஆனால், 1865 இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் காலம் வரையில், தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகள் பலர் அதனுள்ளே குடில் அமைத்து வாழ்ந்தனர். ஆண்டைகளுக்கு டிஸ்மலாகத் தோன்றிய இடம் அவர்களுக்குப் புகலிடமாயிற்று. 1974 ஆம் ஆண்டு முதல் அதன் ஒரு பகுதி வனவிலங்குகளின் புகலிடமாகவும் பேணப்பட்டு வருகின்றது.

ஆதலின், இச்சொல்லைக் கையாள விரும்புவோர் தம்மைத் தாமே இரண்டு கேள்விகள் கேட்டல் வேண்டும். கூறப்படுவது ஒருவரின் மனநிலையா, அன்றி ஓர் இடம், ஒரு நாள், ஒரு முடிவு என்பவற்றின் தன்மையா? மனநிலையாயின் வேறு சொல்லை நாடுக. பிந்தியதாயின், அதனை அவ்வாறு பழித்துரைக்கத் தக்க காரணம் உண்டா? உண்டாயின், டிஸ்மல் என்று தயங்காது எழுதலாம். தம் துயரத்தைச் சொல்ல வந்த மாணவனுக்குச் சாட் என்னும் சிறு சொல்லே போதுமானது.