குளித்த தண்ணீரில் குண்டுமல்லித் தோட்டம்

(பண்ணை இல்லத்தாருக்கான வானொலிப் பேச்சு)



பஞ்சாங்கத்தைப் புரட்டினால் சித்திரையும் வைகாசியும் வசந்த ருது, அதாவது இளவேனில் என்று போட்டிருக்கும். நம் ஊரிலே போய் இளவேனில் என்று சொன்னால் யாருக்குப் புரியும்? கத்திரி வெயில் என்றால்தான் புரியும். கோடை உழவு முடிந்து காடு காய்ந்து கிடக்கிறது. ஆடு மாடு நிழல் தேடி ஒதுங்குகிறது. கிணற்றிலே தண்ணீர் நாலு படி கீழே போய்விட்டது. இந்த நேரம் பார்த்துப் பூந்தோட்டத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே, இவருக்கு வேறு வேலை இல்லையா என்று நீங்கள் நினைக்கலாம்.

நினைப்பதில் தப்பில்லை. "மாட்டுக்கே தண்ணி இல்லேங்கிறப்போ பூச்செடிக்கு எங்கே போறது?" என்று கேட்காத வீடு கிடையாது. கோடை வந்ததும் வீட்டில் முதலில் கைவிடப்படுவது கொல்லைப்புறத்துப் பூச்செடிதான். ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். நாம் கைவிடுகிற அதே மாதங்கள்தான் குண்டுமல்லிக்குப் பூக்காலம். வருஷம் பூரா இலையும் கொம்புமாக நின்றுவிட்டு, அது நமக்குக் கொடுக்க வருகிற நேரத்தில் நாம் தண்ணீரை நிறுத்திவிடுகிறோம்.

மல்லி ஏன் கோடையில் பூக்கிறது? அது வெயிலை விரும்புகிற செடி. புதிதாக விடுகிற துளிரின் நுனியில்தான் மொட்டுக் கட்டும். கார்த்திகையில் கவாத்துச் செய்தால், சுமார் மூன்று மாதத்தில் புதுத் துளிரெல்லாம் முற்றி, மாசி பங்குனியில் மொட்டு எடுக்கும். சித்திரை, வைகாசியில் செடி நிறையப் பூக்கும். பனிக்காலத்தில் துளிர் ஓடாது, பூவும் குறைந்துவிடும். தை மாதம் கடையில் மல்லிகை விலை ஏறுவது அதனால்தான். செவ்வந்தி இதற்கு நேர்மாறு. அதற்கு நீண்ட இரவு வேண்டும், ஆகவே பனிக்காலத்தில் பூக்கிறது. கோடையில் செவ்வந்தி பூக்கவில்லையே என்று செடியைத் திட்டிப் பயனில்லை.

சரி, தண்ணீருக்கு என்ன வழி? சொல்றேன், கேளுங்க.

ஒருவர் குளித்தால் இரண்டு வாளித் தண்ணீராவது செலவாகும். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் பத்து வாளி. இதைத் தவிர அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி அலம்பிய தண்ணீர் இருக்கிறது. இவ்வளவும் தினம் தினம் எங்கே போகிறது? சந்திலே ஓடித் தேங்கி, கொசுவை வளர்க்கிறது. மாட்டுத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டுக்கூட எடுக்க வேண்டாம். இந்தப் பத்து வாளியில் இரண்டே வாளியைத் திருப்பிவிட்டால் நாலு மல்லிச் செடி கோடை தாண்டிவிடும்.

எப்படி என்றால், நாலு செடிக்கும் தினம் ஒரு சொம்பு ஊற்றுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது மேல்மண்ணை நனைத்துவிட்டு வெயிலில் ஆவியாகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு செடி என்று முறை வையுங்கள். இன்றைக்கு இரண்டு வாளியும் முதல் செடிக்கு. நாளைக்கு அடுத்த செடிக்கு. நாலு நாளைக்கு ஒரு முறை வேரடி நன்றாக நனைந்தால் போதும். மாலையில் ஊற்றினால் இரவு முழுவதும் மண் குடிக்கும். வேரைச் சுற்றித் தேங்காய் மட்டை, கரும்புச் சோகை, கடலைத் தோல், இதில் எது கிடைக்கிறதோ அதைப் போட்டு மூடிவிடுங்கள். ஈரம் லேசில் போகாது.

தாய்மார்கள் ஒரு சந்தேகம் கேட்பார்கள். சோப்புத் தண்ணீர் செடிக்கு ஆகுமா? குளிக்கிற சோப்பு கொஞ்சம் கலந்த தண்ணீரால் பெரிய கெடுதல் இல்லை. துணி வெளுத்த முதல் தண்ணீர் வேண்டாம். சோப்புத் தூளில் இருக்கிற உப்பும் காரமும் மண்ணில் சேர்ந்துவிடும். அலசுகிற இரண்டாவது, மூன்றாவது தண்ணீரை விடலாம். கருவாடு கழுவிய தண்ணீர், உப்பில் ஊறியது எதுவும் கூடாது. மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்தால் உப்புச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஓரிரு முறை நல்ல தண்ணீர் விடுங்கள்.

மண்ணில் காரம் ஏறினால் மல்லி உடனே காட்டிக் கொடுத்துவிடும். இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் காரத்தால் செடிக்கு அது கிடைக்கவில்லை என்பதற்கு இது அடையாளம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். வாரம் ஒரு முறை தெளித்துவர, இலை பச்சை திரும்பும்.

இனி, இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய இடம் வேண்டாம். கிணற்றடி அல்லது குளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், நாளெல்லாம் வெயில் படுகிற பத்தடிக்குப் பத்தடி இடம் போதும். செடிக்குச் செடி நாலடி விட்டு நாலு குண்டுமல்லி வையுங்கள். நிழலில் வைத்தால் மல்லி கொடியாக ஓடுமே தவிர, பூக்காது. முருங்கை மரத்தின் அரை நிழலில் கனகாம்பரம் வைக்கலாம். அதற்கு மணம் இல்லாவிட்டாலும் மல்லியோடு சேர்த்துக் கட்டினால் கண்ணுக்கு அழகு. வேலி ஓரம் ஒரு செம்பருத்தி இருந்தால் தேன்சிட்டு தினம் வரும். நடைபாதை ஓரம் அந்திமந்தாரை விதை நாலைப் போட்டுவிட்டால், அது தானாகவே விழுந்து முளைத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அரளி நச்சுச் செடி. ஆடும் கன்றும் எட்டுகிற இடத்தில் அதை வைக்கக் கூடாது. வெட்டிய அரளிக் கொம்பைத் தொழுவத்துப் பக்கம் போடவும் கூடாது.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஊன்றிக் கேளுங்கள்.

மல்லி மொட்டில் சின்ன ஓட்டை தெரியும். நூல் கட்டினாற்போல மொட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், நிறம் மாறியிருக்கும். இது மொட்டுப்புழுவின் வேலை. இதைப் பார்த்ததும், பருத்திக்கு வாங்கிய மருந்து பரணில் மிச்சம் இருக்கிறதே என்று எடுத்து அடித்துவிடுகிற வழக்கம் இருக்கிறது. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். வயலில் மருந்து அடித்தால் அறுவடைக்கு முன் இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. வீட்டுப் பூவை நாம் தினமும் பறிக்கிறோம். பறித்த பூ எங்கே போகிறது? உங்கள் மகள் தலைக்குப் போகிறது. இரவெல்லாம் அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் தலையணையில் கிடக்கிறது. தொட்டில் குழந்தை அதை எடுத்து வாயில் வைக்கிறது. கோடையில் மண்பானைத் தண்ணீரில் வாசனைக்கு நாலு மல்லி போடுகிற வீடுகளும் உண்டு. செடிக்கு அடியில் கோழி கிளறுகிறது. இவ்வளவையும் நினைத்துப் பார்த்துவிட்டு மருந்து டப்பாவைத் தொடுங்கள்.

நாலே செடிதான். காலையில் ஒரு சுற்றுப் பார்த்து, கெட்ட மொட்டைக் கிள்ளிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கும் மேல் புழு இருந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் இருக்கிறது. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவெல்லாம் ஊற வைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்து, மாலையில் தெளியுங்கள். பூப் பறித்த பிறகு தெளித்தால் நல்லது. கடும் வெயிலில் இலைக்கு அடியில் சிவப்புச் சிலந்திப் பேன் வரும். இலை வெளுத்து மங்கும். அதற்கு இலையின் அடிப்பக்கத்தில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பகுதி உதிர்ந்துபோகும்.

பூவைப் பறிக்கிற நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சந்தைக்கு அனுப்புகிறவர்கள் விடியுமுன் மொட்டாகப் பறிக்கிறார்கள். தூரம் போய்ச் சேர்வதற்குள் விரியக் கூடாது என்பதற்காக அப்படி. உங்கள் வீட்டுப் பூவுக்கு அந்த அவசரம் இல்லை. வெயில் தாழ்ந்து, நாலு மணிக்கு மேல் வெள்ளையாகத் திரண்டு நிற்கிற மொட்டைப் பாருங்கள். அதுதான் அன்று இரவு விரியப்போகிற மொட்டு. பச்சை கலந்திருந்தால் நாளைக்கு ஆகட்டும் என்று விட்டுவிடுங்கள். நனைத்த வாழைநாரில் கட்டி, ஈர வாழை இலையில் சுருட்டி வைத்தால் பொழுது சாயும்போது ஒவ்வொன்றாக விரியும். கடையில் முழம் போட்டு வாங்குகிற பூ, காலையில் யாரோ பறித்து, மத்தியானம் எங்கோ பயணம் செய்து, சாயங்காலம் உங்களிடம் வந்தது. வீட்டுச் செடிப் பூவின் மணம் முதல் விநாடியிலிருந்து உங்களுக்கே.

விவசாயி ஒருவர் எந்தச் செடியைப் பார்த்தாலும் மனசுக்குள் கணக்குப் போடுகிறார். மூட்டை எத்தனை, விலை என்ன, கடன் எவ்வளவு அடையும் என்று. அது தொழில், வேண்டியதுதான். ஆனால் இந்தப் பத்தடி இடத்துக்குக் கணக்கு வேண்டாம். மல்லியை வயலில் போட்டு வியாபாரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அது வேறு பேச்சு. இங்கே விளைகிறதை உங்கள் வீட்டுக்கும், சாமி படத்துக்கும், மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் சுமந்து, அடுப்படியில் வெந்து, அந்திக்குத்தான் கொஞ்சம் உட்காருகிறார்கள். பெரியவர்களே, நீங்களும் அந்த நேரத்தில் கட்டிலைக் கொல்லைப்புறத்தில் போட்டு உட்காருங்கள். அந்திமந்தாரை விரிந்திருக்கும். மல்லி ஒவ்வொன்றாக வெடிக்கும். இருட்ட இருட்ட மணம் ஏறும். கத்திரி வெயில் பகலில் எடுத்துக்கொண்டதில் ஒரு பங்கை இரவில் இந்தச் செடி திருப்பிக் கொடுக்கிறது.

வாளியைத் தூக்குகிற வேலையை மட்டும் வீட்டு அம்மா தலையில் கட்டிவிடாதீர்கள். பூ எல்லோருக்கும் என்றால் வாளியும் எல்லோருக்கும்தான். குளித்தவர் இரண்டு வாளித் தண்ணீரைச் செடிக்குத் திருப்பிவிட வேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டுவிடுங்கள். குளிக்கிற கல்லிலிருந்து செடி வரைக்கும் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, முறை வைத்து மடை திருப்பினால் தூக்குகிற வேலையும் மிச்சம். மடையைத் திருப்புவது உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் மட்டும் எங்கேயும் தேங்கி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செடியே இல்லாத வீட்டுக்காரர்கள் இந்த வெயிலில் நட வேண்டாம். ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழியை மட்டும் இப்போது வெட்டி ஆறப்போடுங்கள். ஆடி மழை விழுந்ததும் ஒரு கூடை மக்கிய தொழுவுரம், செம்மண், கொஞ்சம் மணல் கலந்து நிரப்பி நடுங்கள். நாற்றுக்கு அலைய வேண்டாம். இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் பக்கத்து மணலில் வளர்த்த மல்லி நாற்றுகள் பல மாவட்டங்களுக்குப் போகின்றன. அதுவும் வேண்டாம் என்றால், பக்கத்து வீட்டுச் செடியில் தாழ்ந்த கொம்பு ஒன்றைக் கேட்டு, லேசாகக் கீறி, வளைத்து மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். மூன்று நான்கு மாதத்தில் வேர் பிடித்துவிடும். அந்தப் பதியனை வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

செடி வைத்திருப்பவர்கள் கார்த்திகை நடுவில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்துச் செய்ய மறக்காதீர்கள். பச்சைக் கொம்பை வெட்ட மனசு வராதுதான். வெட்டினால்தான் அடுத்த கோடைக்குத் துளிர். வெட்டி முடித்ததும் செடிக்கு ஒரு கூடை தொழுவுரம் போடுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பேச்சு முடிந்ததும் எழுந்து போய், உங்கள் வீட்டில் குளித்த தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அது ஓடுகிற வழியில்தான் உங்கள் பூந்தோட்டம் இருக்கிறது.