தராசு சொல்லாத கணக்கு

உடம்பு இளைக்க வேண்டும் என்றால் பலரும் முதலில் சோற்றைத்தான் குறைக்கிறார்கள். எடை இறங்கும். ஆனால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். அப்புறம் மாடிப்படி ஏறினால் கால் தளரும்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. 40 இளைஞர்கள். நான்கு வாரம் தேவையைவிட 40 சதவீதம் குறைவான கலோரி. வாரத்தில் ஆறு நாள் எடைப்பயிற்சி கலந்த கடும் உடற்பயிற்சி. உடல் எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு சுமார் 4.8 கிலோ குறைந்தது. தசையோ கூடியது! புரதம் பாதியாக இருந்தவர்களுக்கும் தசை குறையவில்லை. எடை தூக்கியதுதான் காத்தது என்பேன்.

அது கண்காணிப்போடு நடந்த சோதனை, அப்படியே செய்துவிடாதீர்கள். ஆனால் எடை தூக்கத் தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில், புரதத்துக்கு ஒரு கிண்ணம் சுண்டல் என்று இன்றைக்கே தொடங்கலாம்.