மருதம்பட்டையும் ரத்தக்குழாயும்

புதுவாயல், கும்மிடிப்பூண்டிப் பக்கம் நைட் ஷிப்ட் முடிந்து, டீயோடு சிகரெட் பற்றவைக்கும் தம்பிகளே, இது உங்களுக்குத்தான்.

ரத்தக்குழாயின் உட்சுவரில் சுரக்கும் நைட்ரிக் ஆக்ஸைடுதான் குழாயைத் தளர்த்துகிறது. அதைக் கண்டறிந்தவர்களுக்கு 1998-இல் நோபல் பரிசு. புகை அந்தச் சுரப்பையே கெடுத்துவிடும். இந்தூர் மருத்துவர்கள், புகைபிடிக்கும் 18 பேருக்கு இரண்டு வாரம் நீர்மருதம்பட்டை மருந்து கொடுத்தார்கள். பிரஷர் பார்க்கும் பட்டியைக் கையில் இறுக்கி, சட்டென்று தளர்த்தி, தமனி விரிவதை ஸ்கேனில் அளந்தார்கள். முன்னைவிட நன்றாகவே விரிந்தது! 2004-இல் வெளியான ஆய்வு. சிறியதுதான், ஆனாலும் நம்பிக்கை தருகிறது.

சீனர்களின் டான்ஷென் வேரும் ரத்தக்குழாயைத் தளர்த்துவதற்குப் பேர்போனது. ஆனால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வேரால் ரத்தக்கசிவு வரலாம். மருதம்பட்டையானாலும் டாக்டரைக் கேட்காமல் காய்ச்சிக் குடிக்காதீர்கள்.