கடல் மீனின் கணக்கு யாருக்காக?

(கோவையில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடலே இல்லாத கோவையில் கடல் மீன் ஆராய்ச்சியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விடியற்காலையில் உக்கடம் மீன் மார்க்கெட்டுக்கு வந்து நிற்கும் லாரிகளைப் பாருங்கள். ராமேசுவரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் மீன் வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளக் கரையிலிருந்தும் வருகிறது. ஆட்டுக்கறி விலை எட்டாத மில் தொழிலாளி வீட்டில், விசைத்தறித் தொழிலாளி வீட்டில், மத்தியும் கருவாடும்தான் சத்து. அந்த மத்தி ஒரு வருஷம் மலிந்து குவிகிறது. இன்னொரு வருஷம் கண்ணில் படுவதில்லை. இது ஏன் என்று கண்டுபிடிக்கச் சர்க்கார் சம்பளம் கொடுத்து விஞ்ஞானிகளை வைத்திருக்கிறது. அவர்களுக்குத் தலைமை தாங்குகிறவர் யாருடைய பேச்சைக் கேட்கிறார், யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதே இன்றைய விஷயம்.

நமக்கும் இதற்கும் இன்னொரு பழைய தொடர்பு உண்டு. சென்னை ராஜதானியில் மீன்வள இலாகாவை உருவாக்கி நடத்திய பிரெடரிக் நிக்கல்சன் என்ற வெள்ளைக்காரர், 1887-ல் வெளியான கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதியவர். நமது பாட்டன்மார் கவலை பூட்டி இறைத்த கிணறுகளையும் இந்த வறண்ட சீமையையும் அறிந்த மனிதர். விவசாயியின் கடன் சுமையைப் பற்றி 1895-லும் 1897-லும் இரண்டு பாகமாக அறிக்கை கொடுத்தார். 1904-ல் வந்த கூட்டுறவுச் சங்கச் சட்டத்துக்கு அது ஓர் அடிப்படை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கடற்கரைக்குப் போனார். ஜப்பான் சென்று அந்த நாட்டு மீன்பிடித் தொழிலைப் பார்த்து வந்து எழுதினார். 1907-ல் மீன்வள இலாகா அமைந்தபோது கௌரவ டைரக்டராக அதை நடத்தினார்.

அவர் ஏகாதிபத்தியத்தின் அதிகாரி. இதை மறைக்க வேண்டியதில்லை. அந்த ஏகாதிபத்தியம் போட்ட உப்பு வரியால்தான் மீனவன் உப்பு வாங்க முடியாமல் மீனை உப்பு மண்ணில் புரட்டிக் காயவைத்தான். பிறகு அதே சர்க்கார் வரியில்லாத உப்புக் கொடுக்கக் கருவாட்டு முற்றங்கள் திறந்ததைப் பெரிய தருமமாகச் சொல்லிக் கொண்டது! ஆனாலும் நிக்கல்சன் ஒரு விஷயத்தில் சரியாகப் பேசினார். கட்டுமரத்திலிருந்து நீராவி இழுவைக் கப்பலுக்கு ஒரே தாவாகத் தாவ முடியாது. இருக்கிற மீனவனையும் அவனுடைய வலையையும் படகையும் வைத்துத்தான் தொடங்க வேண்டும் என்றார். பின்னால் வந்த பல சுதேசி அதிகாரிகளுக்கு இந்த அறிவு இல்லாமற் போயிற்று.

அவருடைய இலாகா மலையாளக் கரையில் மத்தியை வேகவைத்துப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் எளிய முறையைக் கற்றுக் கொடுத்தது. கரை நெடுகச் சிறு ஆலைகள் நூற்றுக் கணக்கில் முளைத்தன. எண்ணெய் சோப்புக்கும் தோல் பதனிடவும் போயிற்று. பிழிந்த சக்கை காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு உரமாயிற்று. இலங்கைக்கும் கப்பல் ஏறிற்று. ஆராய்ச்சி வெற்றிதான். லாபம் யாருக்கு? ஆலை வைத்தவனுக்கும் முன்பணம் கொடுத்தவனுக்கும். மனிதன் தின்ன வேண்டிய மீன் துரைமார் தோட்டத்துச் செடிக்குப் போயிற்று. அந்த இலாகாவிலேயே வி. கோவிந்தன் என்ற இந்திய அதிகாரி மீனவர்களின் பள்ளிகளுக்காகவும் சங்கங்களுக்காகவும் பாடுபட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

நிக்கல்சனுக்குப் பின் டைரக்டரான ஜேம்ஸ் ஹார்னெல், ராமசாமி நாயுடு என்பவருடன் சேர்ந்து மத்தியின் வாழ்க்கையை ஆராய்ந்தார். மழைக் காலத்தில் முட்டையிடுகிறது, ஒரு வருஷத்தில் பருவத்துக்கு வருகிறது, சில வருஷமே வாழ்கிறது என்ற விவரங்கள் 1920-களில் எழுத்தில் வந்துவிட்டன. இவ்வளவு குறைந்த ஆயுளுள்ள மீன் ஒரு பருவத்தில் குஞ்சு பொரிக்கத் தவறினால் அடுத்த வருஷமே வலை காலியாகும்.

பிறகு 1943-ல் சென்னை சர்க்கார் என்ன செய்தது? மத்தி குறைந்து வருகிறது, குஞ்சைப் பிடிப்பதால்தான் குறைகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்ல, சில வலைகளுக்குத் தடை போட்டது. யுத்த காலம், அரிசிக்கே திண்டாட்டம். அந்த நேரத்தில் கரையோரத்து ஏழையின் வலையைப் பார்த்து உத்தரவு! அமுல் நடத்த முடியாமல் சில வருஷங்களில் அதைக் கைவிட்டார்கள். பூதக்கண்ணாடியில் கண்டது முழுப் பொய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கரைக்காரனைக் கலந்து பேசாத விஞ்ஞானம் கடைசியில் போலீஸ்காரன் வேலையில்தான் முடிகிறது.

1947 பிப்ரவரி 3-ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் இடத்தில் தொடங்கியது. 1949-ல் மண்டபம் முகாமுக்கு மாறியது. மண்டபம் முகாம் என்றால் தெரியுமல்லவா? இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நமது கூலி ஜனங்களை நிறுத்திப் பரிசோதித்த அதே ஊர். 1971-ல் தலைமையிடம் கொச்சிக்குப் போயிற்று. சீனிவாச ராவ், பணிக்கர், ஜோன்ஸ், சைலாஸ் என்று வரிசையாகத் தலைமை தாங்கினார்கள்.

அவர்கள் உண்டாக்கிய பெரிய சொத்து எது என்று எங்களைக் கேட்டால், மீன் கணக்கு என்போம். நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இறங்கு துறைகள். எல்லாப் படகையும் எண்ண ஆள் ஏது? அதனால் சோற்றுப் பானையில் ஒரு பருக்கையைப் பதம் பார்ப்பது போல் செய்கிறார்கள். எந்தத் துறை, எந்த நாள் என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல் தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்கெடுப்பவர் முதல் நாள் பகல் 12 மணிக்குக் கரைக்குப் போய் மாலை 6 வரை நிற்கிறார். மறுநாள் காலை 6 முதல் 12 வரை நிற்கிறார். நடுவில் இரவில் இறங்கியதை விசாரித்து எழுதுகிறார். பதினைந்து படகுக்குள் வந்தால் எல்லாவற்றையும் பார்க்கிறார். அதிகமானால் சிலவற்றை மட்டும். எந்த இனம், எத்தனை கிலோ, எந்த வலை, எத்தனை மணி நேரம் இழுத்தது எல்லாம் ஏட்டில் ஏறுகிறது. எடுத்த பருக்கை சரியாக இருந்தால்தான் பானையின் பதம் தெரியும். வெயிலில் நிற்கும் அந்த ஊழியரின் ஏட்டில் பொய் புகுந்தால், மேலே டைரக்டர் எத்தனை பட்டம் வாங்கியிருந்தும் பிரயோஜனமில்லை. மீனவர் அவரை நம்ப வேண்டும். வரி போட வந்த ஆள் என்று நினைத்தால் யாராவது உண்மை சொல்வார்களா?

இதற்கிடையே 1953-ல் நார்வே நாட்டு உதவியோடு கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பக்கம் ஒரு திட்டம் தொடங்கியது. நாளடைவில் இறால் ஏற்றுமதி டாலராகக் கொட்டியது. எல்லாக் கரையிலும் இழுவைப் படகு பெருகியது. கட்டுமரக்காரனுக்கும் இழுவைப் படகுக்கும் சண்டை மூண்டது. போராடிய பிறகுதான் சட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டில் 1983 சட்டம். 2001 முதல் இழுவைப் படகுகளுக்கு 45 நாள் தடை, 2017 முதல் 61 நாள்.

இனி மத்திக்கு வருவோம். கேரளத்தில் 2012-ல் சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் டன் மத்தி கிடைத்தது. 2021-ல் 3,297 டன்! நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கடல் சூடேறியது, எல் நினோ மாற்றம், முட்டையிடும் முன்பே பிடித்தது எல்லாமே காரணம் என்று நிலையத்து விஞ்ஞானிகள் எழுதினார்கள். 2023-ல் மறுபடி ஒரு லட்சம் டன்னைத் தாண்டிற்று. எண்ணிக் கொண்டே இருந்ததால்தான் வீழ்ச்சியும் தெரிந்தது, மீட்சியும் தெரிந்தது. அவர்களுடைய சிபாரிசின் பேரில் 2015 முதல் கேரளம் சின்ன மீன் பிடிப்பதைத் தடுக்க அளவு விதித்தது. மத்திக்குப் பத்து சென்டிமீட்டர்.

இதிலும் 1943-ன் கேள்வி எழத்தான் செய்கிறது. குஞ்சைப் பிடிப்பவன் யார்? குழம்புக்கு நாலு மீன் பிடிப்பவனா, மீன்மாவு ஆலைக்கு டன் கணக்கில் வாரிக் கொடுப்பவனா? இங்கேதான் நமது கொங்குச் சீமை வருகிறது. இழுவை வலையில் சிக்கும் பொடி மீனை ராமேசுவரத்தில் சங்காயம் என்கிறார்கள். அதைக் காயவைத்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். நாமக்கல்லுக்கும் வருகிறது. அன்று தேயிலைச் செடிக்குப் போன மீன் இன்று கோழிக்குப் போகிறது. முட்டையும் ஏழை தின்னும் பண்டம்தானே என்று சிலர் வாதிக்கலாம். வாதிக்கட்டும். ஆனால் அந்தச் சங்காயத்தில் பாதி வளர்ந்த நல்ல மீனின் குஞ்சு எவ்வளவு என்பதை நிலையத்தின் தலைவர் துணிந்து வெளியிட வேண்டும். ஆலைக்காரர் முகம் சுளித்தாலும் வெளியிட வேண்டும். கணக்கெடுக்கும் ஊழியருக்கு நிரந்தர வேலையும், கரைக்குப் போய் வர வண்டிச் செலவும் சர்க்கார் கொடுக்க வேண்டும். அளவு விதிக்கும்போது மீனவர் சங்கங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டும்.

நாமக்கல், பல்லடம் தோழர்களிடம் ஒரு வேலை சொல்கிறோம். தீவன ஆலைகளுக்கு எந்தத் துறையிலிருந்து, எந்த மாதத்தில், எத்தனை லாரிக் கருவாடு வருகிறது என்று சுமை இறக்கும் தொழிலாளர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். தடைக் காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான விவரத்தைத் தனியாக எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் நிலையத்தின் கணக்கோடு அதைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.